பதிவேட்டின் ஓரப் பத்தி

எங்கள் பங்கில், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க மக்கள் வட்டாரத்தில், கோயில் ஆபீஸ் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று போர்டில் எழுதியிருக்கிறது. அதை யாரும் நம்புவதில்லை. ஆறு மணிப் பூசை முடிந்து நான் அங்கியைக் கழற்றுவதற்குள் பூசை உடை மாற்றும் சக்ரீஸ்து அறை வாசலில் ஆள் நிற்கும். ஒருவருக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். ஒருவர் நாளைப் பூசையில் இறந்துபோன அப்பா பெயரை வாசிக்கச் சொல்வார். இன்னொருவருக்கு மகள் கல்யாணத்துக்கு ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு, எழுத வேண்டும். கடலூரைச் சுற்றியுள்ள பங்குகளில் எந்தச் சாமியாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

குருமடத்தில் மெய்யியல், களப்பணி, இறையியல் என்று பத்து வருடம் போல எங்களைத் தயார் செய்தார்கள். பிரசங்கம் செய்யவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பயிற்சி உண்டு. பங்குத்தந்தை தன் நாளில் பெரும்பகுதியை மேசைக்குப் பின்னால் கழிப்பார் என்று மட்டும் யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆரம்பத்தில் எனக்கு அதில் சலிப்புதான். ரப்பர் ஸ்டாம்பு குத்தவா சாமியாரானோம் என்று சக குருக்களிடம் புலம்பியிருக்கிறேன். இப்போது புலம்புவதில்லை. எதற்காக அழைக்கப்பட்டேன் என்பதைப் பீடத்தைவிட அந்த மேசைதான் எனக்கு அதிகம் புரியவைத்திருக்கிறது.

மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு என்று தனித்தனிப் புத்தகங்கள். பழையவற்றை எடுத்தால் லத்தீனில், சாய்ந்த எழுத்தில், பழுப்பேறிய மையில் வரிவரியாகப் பெயர்கள். இந்தப் பகுதியின் பொறுப்பு 1776இல் சேசு சபையாரிடமிருந்து பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களிடம் வந்தது. அப்புறம் வெகுகாலம் இங்கே பேனா பிடித்தவர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்கள். நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார்கள். படிக்கப் பழக வேண்டும், பழகிவிட்டால் சுவாரசியம்தான். ஒரு புத்தகத்தின் கீழ்ப்பாதி முழுக்க அலையலையாகக் கறை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது ஆபீஸ் ஓடு பறந்து தண்ணீர் இறங்கிவிட்டது. ஊரெல்லாம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடக்க, அன்றைக்குக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் பழைய தினசரித் தாள்களைப் பக்கத்துக்குப் பக்கம் செருகி, மின்சாரம் இல்லாத கோயிலுக்குள் பெஞ்சு மேல் புத்தகங்களை விரித்துவைத்துக் காயவைத்தாராம். இன்றைக்கும் ஒரு பக்கத்தில் பேப்பர் விளம்பரத்தின் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது. கட்டில் விலை என்று நினைக்கிறேன்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், தேதி, குருவின் கையெழுத்து எல்லாம் வழக்கமானவை. வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து எங்கே கல்யாணம் செய்தாலும், கல்யாணம் நடந்த பங்கிலிருந்து இங்கே தகவல் வர வேண்டும், இங்கே ஓரத்தில் ஏற வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படி. கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் ஆறு மாதத்துக்குள் வாங்கிய புது சர்டிபிகேட் கேட்பது இதற்காகத்தான். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றும் கேட்கிறோம். கோயிலில் யாரும் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டியவர்கள் பெயர் சொல்லாமல் போனில் சொல்வார்கள்.

குருப்பட்டமும் அந்த ஓரத்தில்தான் ஏறும். என் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மல்லாட்டை (நிலக்கடலை) போடுவார். ஒரு விடுமுறையில் ஊர்க் கோயிலுக்குப் போனபோது அங்கிருந்த சாமியாரிடம் கேட்டு என் வரியைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மனைவி பெயர் எழுதும் இடத்தில் எனக்குப் பட்டம் பெற்ற தேதியும் இடமும். மேல்வரிக்காரன் என்னோடு ஐந்தாவது வரை படித்தவன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் ஓரத்தில் கல்யாணம். இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. குருமடத்தில் அழைத்தல் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள் கேட்டு வந்தவனுக்கு அந்தச் சமத்துவம் பிடித்திருந்தது.

இந்தப் புத்தகத்தால் வரும் சங்கடங்களில் பெரியது ஒன்று உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் ஒரு அம்மா வருவார். ஒவ்வொரு வருடமும் வேறு அம்மா, விஷயம் மட்டும் அதேதான்.

"சாமி, பையனுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும். சிஸ்டருங்க ஸ்கூல்ல கேக்குறாங்க."

"சரிம்மா. பேரு?"

"கோயில்ல அந்தோணி. ஸ்கூல்ல வேற பேரு சாமி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இத தாலுக்கா ஆபீஸ்ல யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

சாதிச் சான்று தாலுக்கா ஆபீஸில்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 1950இல் வந்த ஒரு ஜனாதிபதி ஆணை. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். கேட்பதற்கு இது பட்டியல் மாற்றம்தான். அந்த அம்மாவுக்கோ பையனின் உதவித்தொகை, ஹாஸ்டல் இடம், நாளைக்கு ஊராட்சித் தேர்தலில் தனித்தொகுதி, அடி விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் என்று எல்லாமே மாறிப்போகிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாட்டை நீக்கச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 1950 ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10 வந்தால் நாங்கள் கறுப்புக் கொடி கட்டுகிறோம்.

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது, ஆகவே சலுகையும் கிடையாது என்பது வாதம். எங்கள் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் புதைத்த ஊர்கள் இருந்தன, இருக்கின்றன. சப்பரம் எந்தத் தெரு வரை போகும், எந்த முனையில் திரும்பும் என்பதற்காகப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாற்காலி பறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அந்த வருடம் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போனது, போலீஸ் முன்னால் நடந்தது, உபயகாரர் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டோம். அரசு எங்களிடம் செய்கிற அநியாயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூட்டம் ஞாபகத்துக்கு வரும், பேச்சு கொஞ்சம் தடுமாறும்.

சர்டிபிகேட்டை உள்ளது உள்ளபடி எழுதி, கவரில் போட்டுத்தான் கொடுப்பேன். பதிவேட்டில் ஒரு எழுத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. யாரும் கேட்காத இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. இரண்டு பெயரோடு வாழ்வது பொய் என்று பிரசங்கம் வைக்கிற சாமியார்களும் உண்டு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொல்ல வேண்டும்.

முன்பு புதுச்சேரி டவுனில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே மேசைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி. தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தார் என்பார்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்கள், அப்போது எழுதிக் கொடுக்காமல் விட்டு இப்போது தாத்தாவைத் திட்டும் குடும்பங்கள். சட்டப்படி செல்லுவது நகராட்சிப் பதிவுதான், அதைத் தேட ஒரு துப்பு கோயில் புத்தகத்தில் கிடைக்குமா என்று வருவார்கள். அங்கே தூசி தட்டிக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு இன்னும் ஓரப் பத்தி படிக்க மட்டும் உதவுகிறது.

எங்கள் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஒரு வேடிக்கை. மாற்றல் ஆணை வந்தால் சாமியாருக்கு மதுவிலை முதல் அரசு விடுமுறை வரை எல்லாம் மாறும். (மதுவிலை பற்றி எனக்குத் தெரிந்தது மக்கள் சொல்லித்தான்.) 1953 வரை பெயரில் புதுச்சேரி மட்டும்தான் இருந்தது, அப்புறம்தான் கடலூர் சேர்ந்தது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மறைமாவட்டக் குருக்கள் நாங்கள் வறுமை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை, அது துறவற சபையார். மணமாகாமல் வாழ்வதாகவும் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும்தான் வாக்குக் கொடுக்கிறோம். ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸுக்கு மட்டும் விலக்கு. ஞாயிறு பூசை ஒன்று பங்கு மக்களுக்காக, அதற்குக் காணிக்கையே கிடையாது. தனிமை பற்றியும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, எல்லோரும் வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும்போது, கொஞ்சம் இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் வந்தால் அநேகமாக நோயில்பூசுதலுக்குத்தான், நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குக்கு. அந்த எண்ணெய், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பேராயர் எல்லாக் குருக்களோடும் சேர்ந்து மந்திரித்துக் கொடுப்பது. கட்டைவிரல் அளவு ஸ்டீல் டப்பாவில் அதில் ஊறின பஞ்சு இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டியதுதான். 1972 வரை கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார்கள். இப்போது நெற்றியும் உள்ளங்கையும் போதும். வயதானவர்கள் இன்னும் போர்வைக்கு வெளியே காலை நீட்டுவார்கள், அதிலும் பூசிவிடுவேன். யார் கேட்கப் போகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். பல வருடமாகக் கோயில் பக்கம் வராத மனிதர். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு சாமியாரோடு கல்லறை கட்டும் விஷயத்தில் தகராறு. மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தி, "அவரு கத்துனா கோச்சிக்காதீங்க சாமி" என்றார். உள்ளே போனேன். கண்ணை இடுக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அந்தச் சாமியாரா?"

"இல்லங்கய்யா. நான் வேற."

"அப்ப சரி" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

மூன்றாம் நாள் அடக்கம். இறப்புப் பதிவேட்டில் திருவருட்சாதனங்கள் பெற்றாரா என்று ஒரு கட்டம் உண்டு. 'பெற்றார்' என்று எழுதினேன். அந்தப் பழைய சாமியாரை அவர் மன்னித்தாரா என்று எழுதக் கட்டம் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆள் மாறியிருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. மாற்றல் என்பது சாமியார்களைப் படுத்துவதற்காகவே ஏற்பட்டது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பங்குக்கும் அதில் ஒரு லாபம் உண்டு.

புத்தகம் மட்டும் மாற்றலாகாது. போகும் சாமியார் வருகிற சாமியாரிடம் சாவி, கணக்கு, பதிவேடுகள் என்று ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கும் சீக்கிரம் வரும் என்று பேச்சு. அதற்குள் பெயர்களை அகரவரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று போன மே மாதம் பூசையில் உதவி செய்யும் பீடச்சிறுவர்களில் பெரியவனான ஒருவனை உட்காரவைத்தேன். சாமியாராக விரும்பும் பையன்களுக்கான தேவ அழைத்தல் முகாமுக்குப் போய்வந்தவன். அங்கே பையன்களுக்குப் பாட்டு, விளையாட்டு, குருமடத்துப் படங்கள் எல்லாம் காட்டுவார்கள். நான் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டினேன்.

பத்துப் பதினைந்து பக்கம் அடித்துவிட்டுத் திரும்பிக் கேட்டான்: "ஃபாதர், இதுல இருக்குறவங்க எல்லாரும் செத்துட்டாங்களா?"

"இறப்புப் புத்தகம் பீரோவில இருக்கு. பாத்துக்கோ."

எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. எறும்புக்கடி மாதிரி ஒரு ஆசை எனக்கு வந்தது உண்மைதான். பெரிய குடும்பங்கள் குறைந்துவிட்டன, இருக்கிற ஒரு பையனைச் சாமியாராக அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வருவதில்லை. அவன் அம்மாவிடம் நான் எதுவும் பேசவில்லை. பையன் ஐடிஐ முடித்துவிட்டு நெய்வேலியில் அப்ரண்டிஸுக்கு எழுதிப்போட்டிருப்பதாக உபதேசியார் சொன்னார். கிடைத்தால் நல்ல வேலை. அதற்கு நன்னடத்தைச் சான்று என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனான். சனிக்கிழமைகளில் வந்து மிச்சப் பக்கங்களை அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறான், 1940கள் வரை வந்திருக்கிறது.