ரொட்ரிகோபுள்ளே: அம்மம்மாட குடும்பப் பேரைத் தேடினது, இதுவரைக்கும்

அம்மம்மாட கல்யாணத்துக்கு முந்தின பேருக்குப் பின்னால ரொட்ரிகோபுள்ளே எண்டு இருக்கும். எங்கட பக்கம் தமிழ் ஆக்களுக்கு சர்நேம் எண்டு ஒண்டு பெரிசா இல்ல, அப்பாட பேருதான் இனிஷியலா முன்னுக்கு நிக்கும், அதால இந்தப் பேரைக் கேக்கிற எல்லாரும் இது போர்த்துக்கீசப் பேரா தமிழ்ப் பேரா எண்டு கேப்பாங்க, அம்மா “ரெண்டும்தான்” எண்டு சொல்லிட்டு வேற கதைக்குப் போயிடுவா. அந்த ரெண்டும் எப்பிடி ஒண்டாச் சேர்ந்தது எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் லீவு நாளில, வேலை முடிஞ்ச பின்னேரத்தில கொஞ்சம் கொஞ்சமாத் தேடத் தொடங்கினன். இப்ப ஓரளவுக்கு ஒரு வடிவம் வந்திருக்கு, அதால எழுதி வைக்கிறன். கொழும்பில இதே மாதிரி பழைய பேர் வச்சிருக்கிற குடும்பங்கள் கனக்க இருக்கு, யாருக்காவது வழி தெரியட்டும்.

முதல்ல செய்தது வீட்டில இருக்கிற பேப்பர் எல்லாத்தையும் ஒரு மேசையில பரப்பினதுதான். பிறப்புச் சான்றிதழ், கல்யாண சான்றிதழ், காணி உறுதி, கொட்டாஞ்சேனைப் பெரியம்மா பிஸ்கட் டின்னில வச்சிருந்த பழைய மரண அறிவித்தல் துண்டுகள். ஒரே குடும்பம், ஆனா பேர் ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரி. ஒண்டில ரொட்ரிகோவும் புள்ளேயும் ஒட்டி இருக்கு, ஒண்டில இடைவெளி விட்டு இருக்கு, ஒண்டில நடுவில கோடு, தமிழ்ல எழுதினதில ஒரு இடத்தில பிள்ளை, ஒரு இடத்தில புள்ளே, ஒரு மாமாட சான்றிதழில வெறும் ரொட்ரிகோ மட்டும். இன்னும் ஒண்டு, நம்மட பிறப்புச் சான்றிதழில தாய் தகப்பன்ட இனம் எண்டு ஒரு கட்டம் இருக்கும் தானே, அதில சிலருக்கு கொழும்புச் செட்டி, சிலருக்கு இலங்கைத் தமிழர், நீர்கொழும்புப் பக்கம் போன ஒரு கிளைக்கு சிங்களவர். ஒரே தாத்தாட பேரப்பிள்ளைகள் இவங்க எல்லாரும்.

கொழும்புச் செட்டி எண்டு தனியா ஒரு சமூகம் இருக்கிறது கொழும்பிலயே பாதிப் பேருக்குத் தெரியாது, செட்டியார் தெரு நகைக்கடைக்காரரோட குழப்பிக்கொள்ளுவாங்க. இவங்க தென்னிந்தியாவில இருந்து வியாபாரத்துக்கு வந்து போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில இங்க நிலைச்சு, கிறிஸ்தவர் ஆன குடும்பங்கள். 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பில இலங்கைச் செட்டி எண்டு தனி இனமாவே பதிஞ்சிருக்கு. சின்னச் சமூகம்தான், ஆனா அதில இருந்து வந்த ஆக்களைப் பாருங்க. தமிழ்ப் புலவர்கள்ட வரலாற்றை 1859-ல இங்கிலிஷ்ல புத்தகமாப் போட்ட சைமன் காசிச்செட்டி, ஒல்லாந்தர் காலத்தில தமிழ்ல எழுதின போதகர் பிலிப்பு தெ மெல்லோ, 1758-ல கொழும்பில பிறந்து ஒல்லாந்து தேசத்துக்குப் போய் உட்ரெக்ட் நகரத்தில அரசியல் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கின குவிண்ட் ஒண்டாட்ஜி, எங்கட காலத்தில அமைச்சரா இருந்து 2008-ல குண்டுவெடிப்பில இறந்த ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே. கடைசிப் பேரைக் கவனிச்சீங்க எண்டா எங்கட பேருக்குக் கூடப்பிறந்த பேர் எண்டு விளங்கும்.

ரொட்ரிகோ பகுதியைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. போர்த்துக்கீசர் காலத்தில ஞானஸ்நானம் எடுக்கிற ஆளுக்கு ஞானத்தகப்பன்ட பேரோ குடும்பப் பேரோ கிடைக்கிறது வழக்கம், பெரேரா, சில்வா, பெர்னாண்டோ எல்லாம் இலங்கை முழுக்கப் பரவினது இப்பிடித்தான், 1530களில தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர் ஊராக் கத்தோலிக்கரா மாறினப்ப அங்கயும் இதே கதைதான். ஆனா ரொட்ரிகோ போர்த்துக்கீச மண்ணில முளைச்ச பேரும் இல்ல. அது ஜெர்மானியப் பேர், விசிகோத் எண்ட கூட்டம் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தை ஆண்ட காலத்தில அங்க கொண்டுவந்தது. முதல் பாதிக்கு அர்த்தம் புகழ், அடுத்த பாதிக்கு ஆளுறவன். 711-ல அரபுப் படையோட சண்டை பிடிச்சுத் தோத்த கடைசி விசிகோத் அரசன்ட பேரே ரொட்ரிகோதான். எங்கட கீர்த்திராசா மாதிரி ஒரு பேர் எண்டு வச்சுக்கொள்ளுங்க. ஜெர்மன் காட்டில இருந்து ஸ்பெயினுக்கு, லிஸ்பனுக்கு, அங்க இருந்து கப்பலேறிக் கொழும்புக் கோட்டைக்கு, பிறகு கொட்டாஞ்சேனையில எங்கட அம்மம்மாட பள்ளிக்கூட ரிப்போர்ட்டுக்கு. இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல.

புள்ளே தான் என்னை நாள் கணக்கா வச்சிருந்தது. பிள்ளை எண்டதுதான் அது, அதில சந்தேகம் இல்ல. ஆனா ஏன் புள்ளே? வெள்ளைக்காரன் பிழையா எழுதினான் எண்டு கன பேர் சொல்லுவாங்க, எனக்கு அது சரியாப் படல்ல. நாங்க வாயால கதைக்கேக்க என்ன சொல்றம், புள்ள எண்டுதானே, பெட்டியைப் பொட்டி எண்டும் பெண்ணைப் பொண்ணு எண்டும் சொல்ற அதே பழக்கம், உதட்டைச் சேர்த்துச் சொல்ற எழுத்துக்குப் பிறகு வாய் குவிஞ்சிடும். எழுதினவன் ஏட்டைப் பார்த்து எழுதல்ல, முன்னுக்கு நிண்ட ஆள் சொன்னதைக் காதால கேட்டு எழுதியிருக்கான், அவ்வளவு கவனமாக் கேட்டிருக்கான். அந்தக் காலத்தில கொழும்புத் தெருவில தமிழ் எப்பிடிக் கேட்டது எண்டதுக்கு அந்தப் பேரே ஒரு ஒலிப்பதிவு எண்டுதான் நான் நினைக்கிறன், அதால யாராவது இதைப் பிள்ளை எண்டு ‘திருத்தி’ எழுதினா எனக்கு உண்மையிலேயே மனசு பொறுக்காது.

பேந்து இன்னொரு கேள்வி. போர்த்துக்கீசத்தில ரொட்ரிகோ எண்டது ஆள்ட பேர், ரொட்ரிகஸ் எண்டா ரொட்ரிகோட மகன். பெர்னாண்டோக்கு பெர்னாண்டஸ். அங்க குடும்பப் பேரா வாறது பெரும்பாலும் அந்த ‘மகன்’ வடிவம்தான். அப்ப ரொட்ரிகோபுள்ளே எண்டா ரொட்ரிகோட பிள்ளை, அதாவது ரொட்ரிகஸ் எண்டதை அப்பிடியே தமிழாக்கினதா? கேக்க நல்லா இருக்கு, பெரியம்மாக்குச் சொன்னா கைதட்டி “அப்பிடித்தான் மகன் இருக்கும்” எண்டா. ஆனா தமிழ்ப் பேரில பிள்ளை அப்பிடி வாறதில்லையே. அம்பலவாணபிள்ளை எண்டா அம்பலவாணர்ட மகன் இல்ல, அம்பலவாணர் எண்டவரே பிள்ளை, அது மரியாதைக்கு, பட்டத்துக்கு வாற சொல். அப்ப எது சரி எண்டு பேப்பர்லதான் பார்க்கணும்.

அதுக்காகத்தான் கோயில் ரெஜிஸ்டருக்குப் போனது. எங்கட குடும்பம் ஞானஸ்நானம் எடுத்த பங்குக்குப் போய் ஃபாதரிட்டக் கதைச்சன், குடும்ப வரலாற்றுக்கு எண்டு ஒரு கடிதமும் எழுதிக் குடுத்தன், அவர் ஒரு நிபந்தனைதான் போட்டார், “புத்தகத்தைப் பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க, பக்கத்தை மேல் மூலையில பிடிச்சு மெதுவாத் திருப்புங்க.” பெரிய நீளப் புத்தகம், தோல் அட்டை, பக்க ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு ஓட்டை, மை கறுப்பு மாறி தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாப் போயிருக்கு. பதிவு எல்லாம் லத்தீன்ல. ஆனா பயப்படத் தேவையில்ல, ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும், இன்ன நாளில, இன்னார்ட மகனுக்கு நான் ஞானஸ்நானம் குடுத்தன், ஞானப்பெற்றோர் இன்னார் இன்னார். ரெண்டு பக்கம் வாசிச்சா மிச்சம் தன்னால ஓடும், எழுத்துக்குத்தான் பழகணும், அந்தக் காலத்து ஃபாதர் எழுதின r எழுத்தும் n எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி, இதால ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு.

அந்தப் புத்தகத்தில ஒரு பதிவு. தகப்பன்ட பேர், அதுக்குப் பிறகு ரொட்ரிகோ, ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி, பிறகு பெரிய எழுத்தில தொடங்கி புள்ளே. பக்கத்தில ஞானத்தகப்பன் கையெழுத்துப் போட்டிருக்கார், அதுவும் இங்கிலிஷ்ல இல்ல, தமிழ்ல, புள்ளி வைக்காத பழைய எழுத்து. ‘றொதிரிகோ பிளளை’. புள்ளி எல்லாம் நாங்களே மனசுக்குள்ள வச்சு வாசிக்கணும். எழுதேக்க அவர் பிள்ளை எண்டு எழுதியிருக்கார், ஃபாதர் அதே ஆளை அதே பக்கத்தில புள்ளே எண்டு எழுதியிருக்கார். வாயில வந்தது ஒண்டு, கையில வந்தது ஒண்டு, ரெண்டும் பக்கத்தில பக்கத்தில. நான் அந்த இடத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டே இருந்தன். அதே வீட்டுப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நான் பார்த்த பழைய பதிவுகளில புள்ளே வரவே இல்ல, வெறும் ரொட்ரிகோ. அப்ப புள்ளே எண்டது ஆம்பிளைக்குக் குடுத்த மரியாதைப் பட்டம், குடும்பப் பேர் இல்ல. ஒரு தலைமுறைக்குப் பிறகுள்ள பதிவுகளில இடைவெளி காணாமப் போய், அம்மம்மா மாதிரிப் பொம்பிளைகளுக்கும் சேர்ந்து வருது. பள்ளிக்கூடம், கந்தோர் எல்லா இடத்திலயும் சர்நேம் எண்ட கட்டத்தை நிரப்பச் சொன்ன காலம் அது, பட்டம் பேரா இறுகிப் போச்சு எண்டுதான் நான் எடுத்துக்கொள்றன். ‘ரொட்ரிகோட மகன்’ கதையைக் கைவிட்டாச்சு. பெரியம்மாக்குக் கொஞ்சம் கவலைதான்.

இதுக்கும் முந்திப் போகணும் எண்டா ஒல்லாந்தர் பதிவுகள். இதில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் ஒண்டு இருக்கு. 1656-ல கொழும்பைப் பிடிச்ச ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்தாங்க, உத்தியோகம், சொத்துரிமை எல்லாத்துக்கும் அவங்கட சபையில ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிஞ்சிருக்க வேண்டி இருந்திச்சு, அதால வீட்டில ரகசியமா செபமாலை சொல்லிக்கொண்டு இருந்த குடும்பமும் ஒல்லாந்தர் புத்தகத்தில இருக்கும். அந்தச் சட்டங்களை பிரிட்டிஷ்காரன் 1806-லதான் எடுத்தான். ஆகவே எங்கட ஆக்கள் கத்தோலிக்கர், கொழும்பில ஒல்லாந்தர் கட்டின வுல்பெண்டால் சேர்ச்சில என்ன இருக்கப் போகுது எண்டு விட்டுடாதீங்க. அந்தச் சேர்ச் 1757-ல திறந்தது, ஒல்லாந்தச் சபைப் பதிவுகள் ஒரு பகுதி குடும்ப வரலாறு தேடுற ஃபேமிலிசேர்ச் வெப்சைட்டில படமாவே இருக்கு, ஃப்ரீ எக்கவுண்ட் ஒண்டு போதும். காணிக்கும் குடும்பத்துக்கும் ஒல்லாந்தர் போட்ட பதிவேடுகள், தோம்பு எண்டு சொல்றது, கொழும்பு 7-ல தேசிய சுவடிகள் திணைக்களத்தில.

தேடேக்க எழுத்தைக் கவனிக்கணும். டச்சில ‘உ’ சத்தத்துக்கு o, e எண்ட ரெண்டு எழுத்தைச் சேர்த்து oe எண்டு எழுதுவாங்க, இந்தோனேசியா சுகர்ணோட பேரைக்கூடப் பழைய பேப்பர்ல அப்பிடித்தான் எழுதினது. அதால புள்ளே, முத்து, குமாரு எல்லாத்தையும் அந்த எழுத்திலயும் ஒருக்காப் போட்டுப் பார்க்கணும், இல்லாட்டி கண்ணுக்கு முன்னால இருந்தாலும் தெரியாது.

இந்தப் பேர் எவ்வளவு அரிது எண்டு கேட்டா, பேர்களை எண்ணிக் காட்டுற வெப்சைட்டுகள் இருக்கு, நானும் போட்டுப் பார்த்தன், விரல் விட்டு எண்ற மாதிரித்தான் காட்டுது. ஆனா நான் அந்தக் கணக்கை நம்பமாட்டன். ஒட்டி எழுதினவன், பிரிச்சு எழுதினவன், பிள்ளை எண்டு எழுதினவன் எல்லாரும் அங்க வேற வேற பேர். புள்ளேயை விட்டுட்டு ரொட்ரிகோ மட்டும் வச்சவங்க பெரிய ரொட்ரிகோ கூட்டத்துக்குள்ள கலந்துட்டாங்க, அவங்களைப் பிரிச்சு எடுக்கவே ஏலாது. சமூகம் சின்னது, பொம்பிளைப் பிள்ளைகள் கல்யாணத்தோட பேரை விடுறாங்க, கனக்கப் பேர் ஆஸ்திரேலியா, கனடா எண்டு போயிட்டாங்க. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழ் வாசம் உள்ள பேரோட கொழும்பில இருக்கிறதே பயம் எண்டு புள்ளேயை வெட்டின வீடும் எங்கட சொந்தத்துக்குள்ளயே இருக்கு. அதைக் குறை சொல்ல மாட்டன், உயிர்ப்பயத்தில செய்தது. ஆனா பேர் அரிதாப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு எழுதாம விட மனம் வரல்ல. நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் பெர்னாண்டோபுள்ளே இன்னும் நல்லாப் புழக்கத்தில இருக்கு, அங்க வீட்டில சிங்களம் கதைச்சாலும் பின்னால தமிழ்ப் பிள்ளை நிக்குது.

போன மாசம் மச்சானுக்கு மகள் பிறந்தது. பதியப் போகேக்க ஃபோன் பண்ணி “அண்ணா, தமிழ்ல எப்பிடி எழுதுறது, பிள்ளையா புள்ளேயா” எண்டு கேட்டான். புள்ளே, சேர்த்து எழுது எண்டு சொன்னன். அவனும் அப்பிடியே பதிஞ்சிட்டான்.

இனிச் செய்ய இருக்கிறது: கொழும்பு ஜிந்துப்பிட்டியில இருக்கிற சென். தோமஸ் சேர்ச் 1815-ல கொழும்புச் செட்டிகளோட சேர்ந்து வந்த அங்கிலிக்கன் கோயில், அங்கத்தைய கல்யாணப் பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கன், எங்கட ஒரு கிளை அந்தப் பக்கம் போயிருக்கலாம் எண்டு ஒரு காணி உறுதியில இருக்கிற சாட்சிக் கையெழுத்து சொல்லுது. அதோட டச்சுப் பதிவுகளில 1760களுக்குரிய பக்கங்களை டவுன்லோட் பண்ணி வச்சிருக்கன், எழுத்து சரியான நெருக்கம், மாசத்துக்குக் கொஞ்சம்தான் வாசிக்க முடியுது. புள்ளே, ரொட்ரிகோ எண்டு முடியிற பேர் உங்கட வீட்டுப் பழைய உறுதியிலயோ செபப் புத்தகத்து முதல் பக்கத்திலயோ இருந்தா, எந்த வருஷம், எந்த எழுத்தில, ஒட்டியா பிரிச்சா எண்டு அப்பிடியே பார்த்து எழுதி வையுங்க.