கூடையில் கட்டிய பெயர்ச்சீட்டு

டிசம்பர் 2, செவ்வாய்

சுற்றுலா சீசன் தொடங்கிவிட்டது. காலையிலேயே கடையைத் திறந்து அலமாரிகளைத் துடைத்து, பெரிய கூடைகளைக் கீழேயும் சின்னவற்றைக் கண்மட்டத்திலும் அடுக்கினேன். புது மூங்கில் வாசனை கடை முழுக்க ஏறியிருக்கிறது. எனக்கு இந்த வாசனை வந்தால்தான் ஆண்டு பிறந்த மாதிரி.

இந்தத் தடவை ஒரு பெரிய மாற்றம் செய்திருக்கிறோம். அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்த நாட்குறிப்பையே ஆரம்பிக்கிறேன். இதுவரை முடைகிறவர்கள் கூடையைக் கொண்டுவந்து வைப்பார்கள், விற்றால் காசு கொடுப்போம். பல கைவினைக் கடைகள் இப்படித்தான் நடக்கின்றன. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கூடை நான்கு மாதம் அலமாரியில் கிடந்தால், அந்த நான்கு மாதமும் கடைக்குக் கடன் கொடுத்திருப்பது யார்? கைக்காசில் மூங்கில் வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து முடைந்தவர்தான். அவர்கள் போட்ட முதலீட்டில் வியாபாரம் செய்துகொண்டு, அவர்களுக்கு உதவுகிறோம் என்று வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தோம். ரொம்ப நாளாக மனதை உறுத்திய விஷயம் இது.

இனிமேல் கூடை கடைக்குள் வரும்போதே காசு. மொத்தமாக ஆர்டர் என்றால் பாதிப் பணம் முன்பணம், வட்டி கிடையாது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1989இல் தொடங்கிய உலக நியாய வணிக அமைப்பின் விதிகளிலேயே, கைவினைப் பொருள் செய்கிறவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லாமல் முன்பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் அதில் உறுப்பினர் இல்லை. நல்ல விதியைப் பின்பற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

போன சீசனில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதற்கே போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

பெரியம்மா பன்னிரண்டு கூடை கொண்டுவந்தார். எண்ணி வாங்கி, நின்ற இடத்திலேயே காசைக் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல விக்காதது திரும்பி வந்தா?" என்று கேட்டார்.

"திரும்பி வராது பெரியம்மா. இனிமே அது என் பாடு."

ஒன்றும் சொல்லாமல் பணத்தை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் போன பிறகு ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாச்சுகளை, அதாவது பிளந்த மூங்கில் பட்டைகளை வைத்துப் பின்னி, அவற்றையே மேலே மடக்கி நிறுத்துவார்கள். சுற்றி வரும் நார், நிற்கிற பிளாச்சு ஒன்றுக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று போகும். நிற்பவை இரட்டைப்படையாக இருந்தால், ஒரு சுற்று முடிந்ததும் நார் பழைய தடத்திலேயே விழும், பின்னல் பூட்டாது. ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரண்டாவது சுற்று முதல் சுற்றுக்கு மாற்றி விழும். அதற்காகப் பெரியம்மா ஒரே ஒரு பிளாச்சை நடுவில் கீறி இரண்டாக்கிவிடுவார். 24 நின்ற இடத்தில் 25 ஆகிவிடும். அந்த ஒல்லி ஜோடியை எப்போதும் கைப்பிடிக்கு நேர் கீழே வைப்பார். கூடையில் பெயர்ச்சீட்டே இல்லாவிட்டாலும் அதைப் பார்த்தால் அவர் கூடை என்று சொல்லிவிடுவேன்.

சுற்றுவதற்கு அவர் மூங்கிலின் தோல் பக்கத்து நாரை மட்டுமே எடுப்பார். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளிப்புறத்தில்தான், உள்ளே போகப் போக வெறும் சதை. சதையையும் சேர்த்து முடைந்தால் ஒரு மூங்கிலில் இரண்டு மடங்கு கூடை வரும். சீக்கிரம் இற்றும் போகும்.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் பயணிகள். ஒரு கணவன் மனைவி, கூடவே ஏழெட்டு வயதுப் பையன். வாசல் திண்ணையில் அக்கா ஒருவர் முடைந்துகொண்டிருந்தார். பையன் அங்கேயே குந்திவிட்டான். அக்கா கத்தியை மூங்கில் நுனியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, பிறகு கத்தியைத் திருகித் திருகியே பிளவை அடிவரைக்கும் கொண்டுபோனார். கணு வரும் இடத்தில் படீரென்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பையன் துள்ளினான்.

திண்ணையில் உட்காருவது பற்றி ஒரு விதி வைத்திருக்கிறோம். யார் உட்காருவது என்பதை அவரவரே சொல்ல வேண்டும், கடை யாரையும் உட்கார வைக்காது. உட்கார்ந்த நாளுக்குக் கூலி தனி, ஏனென்றால் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டே முடைந்தால் வேலை பாதிதான் ஓடும். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்குள் கூப்பிட்ட விருந்தாளியிடம் எதிர்பார்க்கிற அதே மரியாதைதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒரு பேருந்து நிறைய ஆள். நாற்பது பேர் இருக்கும். வழிகாட்டி மட்டும் முதலில் இறங்கி வந்து, விற்பனையில் தனக்கு எவ்வளவு என்று கேட்டார். அவர் சொன்ன பங்கு, ஒரு கூடைக்கு முடைகிறவர் வாங்குவதில் பாதிக்கு மேல். அந்தக் காசு எங்கிருந்து வரும்? ஒன்று வாங்குகிறவர் தலையில் ஏற்ற வேண்டும், இல்லை முடைகிறவர் கூலியில் குறைக்க வேண்டும். மூன்றாவது வழி இருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

முடியாது என்றேன். பேருந்து கிளம்பிப் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கூடைகளையே பார்த்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் போனது அவர்கள் வியாபாரமும்தான். ஒரு அண்ணன் கோபப்பட்டார். "நாப்பது பேரை வாசலோட அனுப்பிட்டு நியாயம் பேசுறீங்க. குறைச்சாவது வித்திருக்கலாம்ல?" அவருக்கு வீட்டில் இரண்டு படிக்கிற பிள்ளைகள். அவர் கேட்டதில் தப்பே இல்லை, என்னிடம் சட்டென்று பதிலும் இல்லை. பெரியம்மாதான், "இன்னைக்குக் குறைச்சா அதுதான் நாளைக்கு விலை" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். பங்கு கொடுப்பதில்லை என்றே முடிவானது. அதற்குப் பதிலாகப் பயணிகள் தங்கும் விடுதிகளில், அறைக்கு ஒரு கூடை என்று கொடுத்துப் பார்க்கலாம் என்றார் அதே அண்ணன். நல்ல யோசனை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று ஒரு பெண்மணி பெரிய மூடிக்கூடையை எடுத்துப் பாதி விலைக்குக் கேட்டார். நான் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். எங்கள் சீட்டில் நான்கு வரி இருக்கும்: முடைந்தவர் பெயர், எத்தனை நாள் வேலை, மூங்கில் எத்தனை வயது, விலையில் முடைந்தவருக்குப் போனது எவ்வளவு. அவர் 'இரண்டரை நாள்' என்ற வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை வைத்துவிட்டு, கைக்கு அடங்குகிற சின்னக் கூடை ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். எனக்கு நிறைவாக இருந்தது. அவரிடம் இருந்த காசுக்கும் மரியாதை, அந்த இரண்டரை நாளுக்கும் மரியாதை.

பெயர் எழுதுவது பற்றி எனக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு. ஜப்பானில் 1925 வாக்கில் யானகி சோயெட்சுவும் அவருடைய குயவ நண்பர்களும் 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். சாதாரண மக்களின் கைவினை என்று பொருள். 1936இல் டோக்கியோவில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். பெயர் தெரியாத கைவினைஞர் தினசரிப் புழக்கத்துக்குச் செய்த பொருளில்தான் உண்மையான அழகு என்பது யானகியின் எண்ணம். யாரும் மதிக்காத சட்டியையும் கூடையையும் எடுத்து நடுக்கூடத்தில் வைத்தவர் அவர், அந்த மதிப்பு எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் இதில் எனக்கு ஒப்பில்லை. பெயர் இல்லாத கூடையைத்தான் முதலில் நகல் எடுப்பார்கள். இயந்திரத்தில் செய்ததைக் கையால் செய்தது என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்றால் குற்றம் என்று 1990இல் சட்டமே போட வேண்டி வந்தது. எங்கள் கையில் சட்டம் இல்லை, ஒரு சீட்டும் நூலும் இருக்கிறது.

டிசம்பர் 27, சனி

மோசமான நாள். மாத ஆரம்பத்தில் கூடை வாங்கிப்போன ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கூடைக்கு அடியில் மேசையில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடக்கிறது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஓடிப்போய் கடைக் கூடைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது கூடை உளுத்திருக்கிறது. ஊசி முனை அளவுக்குத் துளைகள்.

மூங்கில் சதையில் மாவுச்சத்து உண்டு. அதைத் தேடித்தான் வண்டு வருகிறது. குருத்து விடுவதற்கு முன்னால் மூங்கில் தண்டில் அதை நிறையச் சேர்த்து வைத்திருக்கும், அப்போது வெட்டக் கூடாது. இளசாகவும் வெட்டக் கூடாது, மூன்று வயதாவது தாண்டியிருக்க வேண்டும். பளபளவென்று பச்சையாக, கணுவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது இளசு. நிறம் மங்கி, தோலில் திட்டுத் திட்டாகப் பாசி படிந்திருந்தால் முற்றியது. வெட்டியதைச் சில வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லையென்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் போட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். சீசனுக்குச் சரக்கு வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். ஒரு கட்டு மூங்கில் ஊறாமலே கத்திக்குப் போய்விட்டது.

பழைய முறையாக இருந்தால் இந்த ஒன்பது கூடையும் முடைந்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். இப்போது நட்டம் கடையுடையது. அப்படித்தான் இருக்க வேண்டும். அவசரம் என்னுடையது.

வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். கூடையை வைத்துக்கொள்ள விரும்பினால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கச் சொன்னேன். அருங்காட்சியகங்களிலும் பூச்சி விழுந்த பொருள்களை இப்படிக் குளிரில் வைத்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

ஜனவரி 3, சனி

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் நான்கு கூடை வாங்கினார்கள். அங்கே மூங்கில், மரம், விதை எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். நியூசிலாந்திலும் அப்படித்தான். மறைத்தால் அபராதம், பூச்சி இருந்தால் பறிமுதல். அதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, எந்த மூங்கில், எப்படிப் பதப்படுத்தியது, பட்டையோ விதையோ எதுவும் ஒட்டவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விற்கும்போது இதைச் சொன்னால் வாங்காமல் போய்விடுவார்களோ என்று முன்பு பயந்தது உண்டு. இன்று நேர்மாறாக, சொன்ன பிறகுதான் நாலாவது கூடையை எடுத்தார்கள்.

ஜனவரி 8, வியாழன்

மழை. ஒருவரும் வரவில்லை. சீட்டு வெட்டினேன்.

ஜனவரி 19, திங்கள்

பொதுப்பணத்தில் என்ன செய்யலாம் என்று பேசினோம். விற்பனையில் ஒரு சிறு பங்கை இதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறோம். கூரை, கல்வி, மருத்துவம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்போது அக்கா மெதுவாக, "எனக்கு ராத்திரி நார் தெரிய மாட்டேங்குது" என்றார்.

எப்படி இது இத்தனை நாள் தோன்றாமல் போனது? நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது எல்லோருக்குமே மங்கத்தான் செய்யும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த வயது. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலை, கிடைக்காதவர்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. இலை பறிக்கவே அப்படி என்றால், நூல் மாதிரி நாரை இழுத்து விளிம்பு கட்டுகிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

கண் பரிசோதிக்க ஆளை வரவழைத்தோம். பதினொரு பேருக்குக் கண்ணாடி. பெரியம்மா கண்ணாடியைப் போட்டதும் முதலில் பார்த்தது தான் போன வாரம் முடைந்த கூடையைத்தான். விளிம்பை ஒரு சுற்றுத் திருப்பினார். "இங்க பிசிறு இருக்கே, இதையா வாங்கினே?" என்று என்னையே கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

பிப்ரவரி 6, வெள்ளி

கணக்கு முடித்தேன். உளுத்த ஒன்பது போக, அலமாரியில் பதினேழு கூடை மிச்சம். எல்லாம் கடையுடையவை. லாபம் போன தடவையைவிடக் குறைவுதான், ஆனால் கடை நிற்கிறது. அண்ணன் சொன்னபடி இரண்டு விடுதிகளில் அறைக்கூடை போட்டோம். அங்கே தங்கினவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். "இந்தப் பேர்ல இருக்கறவங்களைப் பாக்கணும்" என்று ஒருவர் திண்ணையில் அரை நாள் காத்திருந்தார்.

அந்த வழிகாட்டி தொலைபேசியில் கூப்பிட்டார், அடுத்த சீசனுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று. அதே பதில்தான் என்றேன். அப்போதும், வண்டியை நிறுத்துங்கள், எல்லோருக்கும் முடையக் காட்டுகிறோம் என்றும் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

மாலையில் பெரியம்மாவின் பேத்தி ஒரு சின்னக் கூடை கொண்டுவந்தாள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கைப்பிடிக்கு நேர் கீழே அந்த ஒல்லி ஜோடி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு, சீட்டை அவளையே எழுதச் சொன்னேன். பெயரை எழுதினாள். எத்தனை நாள் என்ற வரியில் விரல் விட்டு எண்ணி, நான்கு என்று போட்டாள். கட்டப் போனால் நூல் தீர்ந்துவிட்டது. நாளைக்கு முதல் வேலையாக நூல் வாங்க வேண்டும்.