தொரோங் லா: மெதுவாக நடக்கச் சொல்ல ஒருவனுக்குச் சம்பளம்

தொரோங் லா போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "5,416 மீட்டராமே, நம்மால ஏற முடியுமா?" முடியும். முட்டி நன்றாக இருந்து, தினமும் ஐந்தாறு மணி நேரம் நடக்கப் பழகியிருந்தால் ஏறிவிடலாம். பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். என் நாத்தனாருக்கு அது இல்லை. அவளை வைத்துத்தான் இந்தக் கதையே.

இடம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நேபாளத்தில் அன்னபூர்ணா மலைக்கூட்டத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. கிழக்கே மர்ஸ்யாங்தி ஆற்றை ஒட்டி ஏறி, மனாங் தாண்டி, தொரோங் லா கணவாயைக் கடந்து, மேற்கே காளி கண்டகி பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். இறங்கியதும் வருகிற முதல் பெரிய ஊர் முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் 108 திவ்யதேசங்களில் ஒன்றாக வைத்திருக்கிற அதே முக்திநாத்தான். மற்றவர்கள் ஜீப்பில் போய்ச் சேவிக்கிற பெருமாளை நாங்கள் மலையின் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சி உறையூர்க்காரி. பயிற்சி என்று சொன்னால் மலைக்கோட்டைதான். உச்சிப் பிள்ளையார் வரை 417 படி, முதுகில் பையோடு விடிகாலையில் இரண்டு தடவை ஏறி இறங்குவேன். நாத்தனார் வேறு ரகம். சென்னையில் ஓட்டப்பந்தயக் குழுவில் இருக்கிறாள், பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் அவளுக்கு காபியே. "அண்ணி, நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போய் ரூம் பார்த்து வைக்கிறேன்" என்று காத்மாண்டுவிலேயே திட்டம் போட்டுவிட்டாள்.

அதைக் கைடு தம்பி முதல் நாளே கலைத்துவிட்டான். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் வழிகாட்டி இல்லாமல் மலைநடை போகக் கூடாது என்று நேபாளத்தில் விதி வந்திருக்கிறது. காசு பிடுங்க வந்த விதி என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் பின்னால் வரும். எங்களுக்கு வந்தவன் லம்ஜுங் மாவட்டத்துப் பக்கம், குருங் இனத்துப் பையன். முப்பது வயதுகூட இருக்காது. நான் தம்பி என்று கூப்பிட்டேன், அவன் எங்கள் இருவரையும் தீதி, அதாவது அக்கா, என்றான். பேச்செல்லாம் அரைகுறை இந்தியில். கூட ஒரு போர்ட்டர், ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். எங்கள் இருவர் மூட்டையையும் ஒன்றாகக் கட்டி, நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்கிக்கொண்டார்.

பேசிசஹரிலிருந்து சாமே வரை ஜீப். அந்தச் சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எலும்பு எல்லாம் இடம் மாறிவிடும். சாமே 2,670 மீட்டர். அங்கிருந்துதான் நடந்தோம்.

தம்பியின் நடை முதலில் எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் நகர்வதுபோல ஒரு நடை. ஒரு காலை வைத்து, ஊன்றி, அப்புறம் மறு கால். எங்களுக்கு முன்னால் நடந்து வழியை அடைத்துக்கொள்வான். நாத்தனார் முந்தப் பார்த்தால் திரும்பி, "பிஸ்தாரை, தீதி, பிஸ்தாரை" என்பான். மெதுவா, மெதுவா. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம், வாயைத் திறந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இதுதான் அவன் கணக்கு.

மேல் பிசாங்கில் (3,300 மீட்டர்) தங்கி, மறுநாள் கியாருவுக்கு ஏறினோம். ஆற்றிலிருந்து கிட்டத்தட்ட 400 மீட்டர் செங்குத்து, வளைந்து வளைந்து போகிற பாதை. கீழே ஜீப் ரோடு வழியாக மனாங்குக்குச் சுலபமாகப் போய்விடலாம், ஆனால் மேல் வழியில் பகலில் உயரம் தொட்டுவிட்டு இரவு கொஞ்சம் கீழே படுக்கலாம். உடம்பு பழகுவதற்கு அதுதான் தோது. இதெல்லாம் தம்பி விளக்கியது. விளக்கம் இல்லாவிட்டாலும் அந்த வழிதான் போயிருப்பேன். கியாருவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே 7,937 மீட்டர் அன்னபூர்ணா-2 சிகரம், அடியிலிருந்து முடிவரை மறைக்க ஒரு மரம்கூட இல்லாமல் நிற்கிறது. ஒரு பாட்டி கடையில் ஸீ பக்தார்ன் என்கிற ஆரஞ்சு நிறச் சிறு பழத்தின் சாறு கொடுத்தார். புளிப்பு என்றால் நம் ஊர்ப் புளிப்பு இல்லை, காது வரைக்கும் போகிறது.

மனாங், 3,540 மீட்டர். இங்கேதான் சண்டை.

"ஒரு நாள் சும்மா உட்காரணுமா? நாங்க நல்லா இருக்கோமே!" என்றாள் நாத்தனார். உண்மைதான், தலைவலிகூட இல்லை. தம்பி வாதாடவே இல்லை. மதியம் எங்களை ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டான். சீசனில் அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றி மதியம் வகுப்பு எடுக்கிறார்கள். ஒரு இளம் டாக்டர் அம்மா சொன்னதன் சாரம்: 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு படுக்கிற உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் இருக்க வேண்டும். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் பாதி. உடம்பு இதற்கு ஈடுகொடுக்க முதலில் வேகமாக மூச்சு விடும், பிறகுதான் ரத்தத்தில் மற்ற மாற்றங்கள், அதற்கு நாள் பிடிக்கும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான், நடுராத்திரி ஆனாலும்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று நாத்தனாரை நேராகத் தைத்தது. உடல்வலு உள்ளவர்களுக்கு உயர நோய் குறைவாக வரும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். வேகமாக ஏறிவிட முடிவதால் அவர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டாம். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் வைத்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். எனக்கு 88. ஓட்டக்காரிக்கு 84. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை. மறுநாள் கங்காபூர்ணா ஏரிக்கு மேலே இருக்கிற மேட்டுக்குத் தம்பி கூப்பிட்டபோது அவன் பின்னாலேயே, அவன் அடி வைத்த இடத்திலேயே அடி வைத்துப் போனாள்.

உயர நோய் வராமலிருக்க எடுத்துக்கொள்கிற டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், சல்பா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள். விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கும், சிறுநீர் நிறையப் போகும். மைனஸ் பத்தில் போர்வைக்குள்ளிருந்து எழுந்து வெளியே இருக்கிற கழிவறைக்குப் போவது எப்படி என்பதை நானே எழுதத் தேவையில்லை.

மனாங் தாண்டினால் மரம் கிடையாது. யாக் கர்கா (சுமார் 4,050) வரை சரிவுகளில் நீலச் செம்மறி என்கிற பரால் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பாறை நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் தெரியும். கோவேறு கழுதை வரிசை மணியோசையோடு எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். லேதாரைத் தாண்டி ஒரு மண்சரிவுப் பகுதி. அங்கே மட்டும் தம்பியின் நடை மாறியது. "இங்க பிஸ்தாரை இல்லை, நிக்காதீங்க, போட்டோ கூடாது." மேலே பார்த்துக்கொண்டே எங்களை விரட்டினான்.

சாப்பாடு? தால் பாத்தைத் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள். சோறு, பருப்பு, காய், ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். பீட்சா என்று பலகையில் எழுதியிருக்கிறதே என்று ஆர்டர் செய்தவர்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். உயரம் கூடக் கூட விலையும் கூடும், நியாயம்தான், ஒவ்வொரு முட்டையும் யாரோ ஒருவர் முதுகிலோ கழுதை முதுகிலோ வந்தது. பூண்டு சூப் குடித்தால் உயர நோய் வராது என்று எல்லா விடுதியிலும் சொல்வார்கள். நம் ரசத்தின் தூரத்து உறவு. நோய்க்குப் பயன் இருக்கிறதோ இல்லையோ, தொண்டைக்கு இதம்.

கணவாயின் அடிவாரத்தில் இருக்கிற தொரோங் பேதி என்கிற தங்குமிடத்தில் (4,450 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே) ராத்தங்கல். இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் ஹை கேம்ப், 4,880 மீட்டர் அளவில். அங்கே படுத்தால் கணவாய் நாளில் அவ்வளவு தூரம் மிச்சம். தம்பி முடியாது என்றான். தாழ்வாகப் படுங்கள், சீக்கிரம் எழுந்திருங்கள். அன்று மாலை மேலேயிருந்து ஒரு பையனைக் குதிரையில் உட்கார வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். மனாங்கில் ஒரே ராத்திரி தங்கிவிட்டு, கைடு இல்லாமல் நண்பர்களோடு ஏறி வந்தவனாம். கண் திறந்திருந்தது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. குதிரைக்காரர் சேணத்தோடு அவன் இடுப்பைத் துண்டால் கட்டியிருந்தார். அப்படியே கீழே கொண்டு போனார்கள். மனாங்கிலிருந்து ஆள் வழியாக வந்த தகவலில், தேறிவிட்டான் என்று கேட்டு நிம்மதியானோம்.

2014 அக்டோபரைப் பற்றித் தம்பி அன்றைக்குத்தான் பேசினான். வங்கக் கடலில் உருவாகி 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே போய், இரண்டே நாளில் இந்தக் கணவாயில் பனியாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் உள்ளூர் வழிகாட்டிகளும் போர்ட்டர்களும் உண்டு. நல்ல சீசன் என்று எல்லாரும் வருகிற அக்டோபர் மாதம்தான் அது. நம் கடற்கரையில் கரையேறிய புயல் இவ்வளவு தூரம் வருமென்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு பேதியில் வானிலை பார்க்காமல் எந்தக் கைடும் கிளம்புவதில்லை என்றான்.

விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். முற்பகல் தாண்டினால் கணவாயில் காற்று நிற்க விடாது, அதற்குள் தாண்டிவிட வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில் தெரிவது முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்லியிருந்தான். மேல்பக்கம்தான் முதலில் உறையும், திருப்பினால் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும். ஹை கேம்ப்பில் டீ. அதற்கு மேல் உச்சி, உச்சி என்று நினைத்து ஏற ஏற இன்னொரு மேடு. இருபது அடி, நிறுத்தம், இருபது அடி, நிறுத்தம். நாத்தனார் என் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தாள். போர்ட்டர் ஒரு இடத்தில் கையுறையைக் கழற்றி என் ஷூ லேசைக் கட்டிவிட்டார். எனக்கு விரலே மடங்கவில்லை. அவர் விரல் வெடித்து, பிளவுகளில் கருப்பு ஏறி, ஆனால் இரண்டு நொடியில் இறுக்கமாகச் சுருக்குப் போட்டது.

உச்சியில் கொடிகள், பலகை, ஒரு டீக்கடை. ஆமாம், டீக்கடை. யாரும் அழவில்லை, நாத்தனார் மட்டும் தம்பிக்கும் போர்ட்டருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "பிஸ்தாரை" என்று சொல்லிக் கை கொடுத்தாள்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், இறக்கத்தை யாரும் சொல்வதில்லை. ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் இறக்கம், பாதி சரளைக்கல். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம், ஒன்று போதாது.

முக்திநாத் கோயிலில் மாட்டுத் தலை வடிவக் குழாய்கள் 108, வரிசையாக அரைவட்டத்தில். புத்த பிக்குணிகளும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற கோயில். குழாயடியில் நனைந்த மடிசாரோடு ஒரு மாமி, கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த யாத்திரைக் குழு. காலையில் பொக்கராவில் விமானம் ஏறி ஜோம்சோமில் இறங்கி, ஜீப்பில் நேராக இங்கே. 800 மீட்டரிலிருந்து அரை நாளில் 3,700க்கு மேல். நாங்கள் நடந்து வந்ததைக் கேட்டு, "ஏன், ஜீப் கிடைக்கலையா?" என்றார். படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து எங்கள் நால்வருக்கும் பிரித்துக் கொடுத்தார். தம்பி இரண்டாவது முறை கேட்டு வாங்கினான்.

சாப்பிட்டபடியே மாமியின் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், ராத்திரி இங்கே தங்க வேண்டாம், ஜோம்சோமுக்குக் கீழே போய்ப் படுக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்று என்னிடம் இந்தியில் சொன்னான். அப்படியே சொன்னேன்.

"ஜோம்சோம்லதான் ரூம் போட்டிருக்கு, கவலைப்படாதே" என்றார் மாமி. "தண்ணிதான் முடியாது. இந்தக் குளிர்ல ராத்திரி எத்தனை தடவைம்மா எழுந்து போறது?"