புரெவி இன்னும் கிளம்பவில்லை

ராமேஸ்வரம், 2020 டிசம்பர் 4.

'புரெவிப் புயல் வலுவிழந்துவிட்டதாமே, இனிப் பயமில்லைதானே?' என்று நேற்றிலிருந்து ஆளாளுக்கு போன். சரிதான். 2ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்ததும் புரெவி இளைத்துவிட்டது. இளைத்தது நகர்ந்தால்தானே! விருந்துக்கு வந்தவர் திண்ணையிலேயே பாயை விரித்த கதையாக, ராமநாதபுரம் கரையோரம் அப்படியே நிற்கிறது.

காற்றுதான் வேடிக்கை. கார்த்திகையில் இங்கே வாடை, அதாவது வடக்குக் காற்று, வீச வேண்டும்; வீசுவதோ சோழகம், தெற்குக் காற்று. சுழியின் நடு எங்களுக்கு மேற்கே இருப்பதால் காற்று தெற்கிலிருந்து சுற்றிக்கொண்டு வருகிறது. அதனால் ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் தென்பக்கம் உறுமுகிறது. வடக்கே பெண்கடல் கொஞ்சம் அடங்கித்தான் கிடக்கிறது. இருந்தாலும் படகு எதுவும் இறங்கவில்லை, மீனும் இல்லை. மூன்றாவது நாளாகக் கருவாட்டுக் குழம்பு (எனக்குப் புகாரில்லை).

பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது. மழையோ எங்களைவிட வடக்கே போய்க் கொட்டுகிறது. சிதம்பரம் கோயிலுக்குள்ளேயே தண்ணீராம்.

அப்பத்தா மட்டும் எதையும் நம்பவில்லை. "தனுஷ்கோடி போனதும் டிசம்பர்லதான்டா" என்கிறது. 1964 புயல் அதற்கு நேற்று மாதிரி. டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது.