ஹோர்மோன் ஊசி போடும் ஆண்கள் பார்க்க வேண்டிய எண்

டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனை எடுக்கும் ஆண்கள் பலர் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் தவறாமல் பார்க்கிறார்கள். எஃப்.பி.சி. என்ற முழு இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பி.சி.வி. என்று இருக்கும் வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். இரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே அந்த எண்.

இந்த ஹோர்மோன் எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். இரத்தம் தடிக்கும். தோலில் பூசும் ஜெல்லைவிட, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியில் இது அதிகம். போட்ட சில நாட்களுக்கு ஹோர்மோன் அளவு உச்சத்துக்கு ஏறுவதே காரணம். பி.சி.வி. 48க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தொடங்குவதில்லை. 54ஐத் தாண்டினால் நிறுத்தி, இறங்கிய பின் குறைந்த அளவில் தொடர்வார்கள். தொடங்கும் முன், பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வேலை செய்து உடல் வற்றிய நிலையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் எண் கூடிக் காட்டும். முதல்நாளே நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

ஆனால் பி.சி.வி. சரியாக இருந்தாலும் இரத்தக்கட்டி வரலாம். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் 5,200க்கு மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். நுரையீரலில் இரத்தக்கட்டி டெஸ்டோஸ்டெரோன் எடுத்தவர்களில் 0.9 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் முன்பு காலில் கட்டி வந்தவருக்கோ, குடும்பத்தில் அந்த வியாதி உள்ளவருக்கோ அது சிறிதல்ல. அதை வைத்தியரிடம் முதல்நாளே சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் கூடுதல் கவனம் வேண்டும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் நீண்ட நேரம் உட்கார்ந்து போனால் ஹபரணையில் நிற்கும்போது இறங்கி நடவுங்கள்.

ஜிம்மில் யாரோ சொன்ன அளவில் போடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. அங்கே அளவும் பல மடங்கு, பரிசோதனையும் இல்லை. ஹோர்மோன் குறைபாடு உண்டா என்று அறிய, காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் இரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள்; கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்து, இருமலில் இரத்தம் என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலைக்குப் போனதும் கடைசியாக எப்போது, எவ்வளவு ஊசி போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஜிம்மில் போட்டது என்றாலும்.