பார்வையாளரை எங்கே நிறுத்துவது?

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தொடங்கி இன்றைய தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை வரையிலான வரலாற்றைச் சொல்லும் ஒரு கண்காட்சிக்கு உள்ளடக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தபோது, திட்ட வரைவின் முதல் பக்கத்திலேயே நோக்கம் எழுதப்பட்டிருந்தது. உள்ளே வருபவர் தாமே அவைக்குள் அமர்ந்திருப்பதாக உணர வேண்டும் என்பதே அது. நான்கு சுவர்களிலும் புரொஜெக்டர் ஒளியில் அவை மண்டபம் விரியும். சுற்றிலும் ஒலிபெருக்கிகள் விவாதத்தைக் கேட்கச் செய்யும். பார்வையாளர் நடுவில் நிற்பார். எங்கள் தொழில்நுட்பக் குழுவினர் அதை மிக நன்றாகச் செய்யக் கூடியவர்கள். என் தயக்கம் வேறு. அந்த அவையின் முதல் பல ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன்களும் பாட்டிகளும் உள்ளே இருந்திருக்கவே முடியாது. அதைச் சொல்லாமல் வருகிற எல்லோரையும் முதல் அறையிலேயே நடுவில் நிறுத்திவிட்டால், வரலாற்றின் மிகப் பெரிய செய்தி மறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது.

1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அவை ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் நியமன உறுப்பினர்களின் சிறு குழு மட்டுமே. அதற்கு ஒரு பலகை போதும் என்று விட்டுவிட்டோம். 1919ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியை, அதாவது சில துறைகளை அவைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடமும் மற்றவற்றை ஆளுநரிடமும் பிரித்துவைத்த முறையை, கொண்டுவந்தது. 1920 நவம்பரில் தேர்தல் நடந்து நீதிக்கட்சி வென்றது. 1921 ஜனவரி 12 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கன்னாட் கோமகன் புதிய அவையைத் தொடங்கிவைத்தார். மாகாணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 கோடி. வாக்குரிமை பெற்றிருந்தவர்களோ சுமார் 12 லட்சம் பேர்தான். அவர்களும் பெரும்பாலும் நிலவரியோ நகராட்சி வரியோ குறிப்பிட்ட அளவுக்குக் கட்டிய ஆண்கள். ஆகவே முதல் அறையின் கதவை மூடியே வைக்கலாம் என்றேன். நுழைவாயிலில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்படும்: ஒருவர் தஞ்சாவூர்ப் பண்ணையாள், ஒருவர் சேலத்து நெசவாளி, ஒருவர் பட்டாதாரர், ஒருவர் தன் பெயரிலும் தனியே நிலவரி கட்டிவந்த, பட்டாதாரரின் மனைவி. அட்டையைக் காட்டினால் மிகச் சிலருக்கே கதவு திறக்கும். மற்றவர்கள் வெளியே நின்று, உள்ளிருந்து வரும் பேச்சொலியைத் தெளிவில்லாமல் கேட்க வேண்டும்.

காசு கொடுத்து வருபவரை வாசலில் நிறுத்துவதா என்ற எதிர்ப்பு இயல்பாகவே எழுந்தது. பல நாள் பேசிய பிறகு, காத்திருப்பைச் சில நிமிடங்களாகக் குறைத்து அந்த யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானத்தை இந்த அவை நிறைவேற்றியது. இந்திய மாகாணங்களில் அதில் முந்திக்கொண்டது சென்னைதான். அந்தத் தேதி சுவரில் தோன்றும்போது பட்டாதாரரின் மனைவிக்கான அட்டை வேலை செய்யத் தொடங்கும். பண்ணையாளின் மனைவிக்கு அப்போதும் திறக்காது. திறப்பு விழாவுக்குப் பிறகு வந்த பள்ளி மாணவிகளில் ஒருத்தி, திறந்த கதவின் வழியே உள்ளே போகாமல், தன் தோழியின் அட்டையை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். திறக்காத கதவை இருவரும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டி எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குரல் விஷயத்தில் நாங்கள் கடுமையாக இருந்தோம். சுருக்கெழுத்தாளர்கள் எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்புகளில் சொற்கள் இருக்கின்றன. குரலின் ஏற்ற இறக்கம் இல்லை. நடிகர்களைக் கொண்டு உணர்ச்சியுடன் பேசவைத்தால் அது நம் கற்பனையாகிவிடும். எனவே தேர்ந்த வாசகர்கள் குறிப்பில் உள்ளதை மட்டும் நிதானமாகப் படித்தார்கள். பேசியவரின் பெயரும் தேதியும் திரையில் வந்தன. எம்.சி. ராஜா கொண்டுவந்து 1922இல் நிறைவேறிய, ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்க வேண்டும் என்ற தீர்மானமும், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்த தீர்மானமும் அவ்வாறுதான் ஒலிக்கின்றன. அந்த அறையில் காட்சி எதுவும் வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். ஒரு மனிதருக்குத் தெருவில் நடக்கும் உரிமை உண்டு என்பதை ஓர் அவை தீர்மானம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கேட்பதற்கு வெறும் சுவரே ஏற்றது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி முத்துலட்சுமி ரெட்டிக்கான நடைபாதை. அவையின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்த அவர், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் தேவதாசி வழக்கத்தைத் தடுக்கக் கோரி 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் உறுப்பினர் பதவியைத் துறந்தார். தேவதாசி முறையை முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1947இல். இடைப்பட்ட ஆண்டுகளை ஒரு நீண்ட நடைபாதையாக அமைத்தோம். தரையில் ஆண்டுகளும், சுவரில் அந்தந்த ஆண்டின் வாதங்களும் எதிர்வாதங்களும் மட்டுமே இருக்கும். சட்டம் ஒரே நாளில் பிறந்துவிடுவதாக நினைத்து வருபவர்கள் அதைக் காலால் நடந்து கடக்க வேண்டும்.

பேரவை கூடிய இடங்களை ஒரு வரைபடத்தோடு முடித்துக்கொண்டோம்: 1937இல் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், பிறகு இன்றைய ராஜாஜி மண்டபம், பிறகு கோட்டை, 1952இல் அரசினர் தோட்டம், மீண்டும் கோட்டை.

1952ஆம் ஆண்டு அறைதான் அதிக நேரம் பிடித்தது. வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்த முதல் பொதுத்தேர்தலில் அமைந்த 375 பேர் கொண்ட பேரவையில் காங்கிரஸுக்கு 152 இடங்களே கிடைத்தன; ஆட்சி அமைத்த ராஜாஜி ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151 என வென்றார். பார்வையாளரும் வாக்களிக்கட்டும் என்று பெஞ்சுகளில் தொடுதிரைகள் பொருத்தத் திட்டமிட்டிருந்தார்கள். நம் பேரவையில் வாக்குகளை எண்ணிக் கணிக்கும்போது உறுப்பினர்கள் பகுதி பகுதியாக எழுந்து நிற்பார்கள். 2017இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆகவே திரைகளை எடுத்துவிட்டு, வருபவர்களை எழுந்து நிற்கச் சொன்னோம். பொத்தானை யாரும் எளிதாக அழுத்திவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் எழுவதற்கு ஒருவர் யோசிக்கிறார். எழுந்த பின் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கிறார். கட்சி கட்டுப்பாடு, மனச்சாட்சி ஆகியவற்றைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பலகையை அதன்பின் எடுத்துவிட்டேன்.

சுற்றொலியும் ஒளியும் முழு வலிமையுடன் வர வேண்டிய இடமும் உண்டு. 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதும், அண்ணா மூன்று முறை ‘தமிழ்நாடு’ என்று சொல்ல, உறுப்பினர்கள் ‘வாழ்க’ என்று முழங்கினார்கள். அந்த அறையில் வருபவர்களும் சேர்ந்து முழங்குகிறார்கள். முழங்கட்டும், அது அவர்களுக்கு உரியது. 1988 ஜனவரியிலும் 1989 மார்ச்சிலும் அவைக்குள் நடந்த வன்செயல்களுக்கோ காட்சியும் ஒலியும் கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். அவற்றை மறைக்கவும் இல்லை; நடந்ததை எழுத்தில் வைத்தோம். ஒருவர் பட்ட அவமானத்தை மற்றவர்கள் அனுபவித்துப் பார்க்கும் பொருளாக ஆக்கக் கூடாது.

இப்போது 1952 அறையின் ஒலிப்பதிவை மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆந்திரம் பிரிவதற்கு முந்தைய அந்தப் பேரவையில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் உறுப்பினர்கள் திரளாக இருந்தார்கள்; எங்கள் அறையிலோ தமிழும் ஆங்கிலமும் மட்டுமே ஒலிக்கின்றன. மற்ற மூன்று மொழிகளிலும் படிக்கக் கூடிய வாசகர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.