எரிடானஸ் கரையில்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 4
ரோமானியக் கவிஞர் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ என்னும் புராணக் காவியம், இரண்டாம் காண்டம். தந்தை சூரியனின் தேரை அடம்பிடித்து வாங்கிய ஃபேத்தன், குதிரைகளை அடக்க முடியாமல் பூமியைக் கருக்குகிறான். தேவர்களின் தலைவன் ஜூபிடரின் இடி விழுந்து எரிடானஸ் ஆற்றில் மடிகிறான். எல்லோரும் சிலாகிப்பது இந்தத் தேரோட்டத்தைத்தான். எனக்கோ, அதற்கடுத்து முப்பது வரிகூடத் தேறாத, அவன் சகோதரிகள் மரமாகும் பகுதியைத் தாண்ட மனமில்லை.

ஜூன் 5
நான்கு முறை நிலவு நிறைந்தும் அவர்கள் அழுகை ஓயவில்லை. மூத்தவள் ஃபேத்தூசா தரையில் விழப் போகிறாள்; பாதம் விறைத்துவிட்டது என்கிறாள். அவளிடம் வர முயலும் லம்பீட்டியாவை வேர் பிடித்துக்கொள்கிறது. மூன்றாமவள் தலைமயிரைப் பிய்க்கிறாள், கையோடு வருவது இலைகள். தாய் கிளிமினி என்ன செய்வாள்? அங்குமிங்கும் ஓடி, முடிந்தவரை முத்தமிடுகிறாள். மனம் ஆறாமல் பட்டையை உரிக்கிறாள், இளங்கிளைகளை ஒடிக்கிறாள். ஒடித்த இடத்தில் இரத்தம் சொட்டுகிறது. விட்டுவிடு அம்மா என்று மகள்களே கெஞ்ச வேண்டியிருக்கிறது. விடைபெறும் சொல்லோடு பட்டை வாயை மூடிவிடுகிறது.

ஜூன் 8
இவர்களை மரமாக்கியது யார்? ஓவிட் எந்தத் தெய்வத்தையும் சொல்லவில்லை. அதே காவியத்தில் டாஃப்னி தன்னைத் துரத்தியவனிடமிருந்து தப்ப வேண்டிக்கொண்டு மரமானாள். அராக்னி தெய்வத்தோடு போட்டியிட்டுச் சிலந்தியானாள். இங்கே வேண்டுதலும் இல்லை, சாபமும் இல்லை, துக்கம் மட்டும்தான். ஹைஜினஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் பெயரில் வழங்கும் கதைத்தொகுப்புக்கு இது பொறுக்கவில்லை போலும். தந்தை சொல்லாமலே குதிரைகளைப் பூட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள், அதனால்தான் பாப்லர் மரம் ஆனார்கள் என்கிறது ஓரிடத்தில். பையன் செய்த வினைக்கு உடன்பிறந்தவள் பொறுப்பாம்! எந்த ஊர்க் கதையானாலும் இந்த நியாயம் மட்டும் மாறாது.

ஜூன் 9
வேலை நெருக்கடி. மைக்கெலாஞ்சலோ 1533 வாக்கில் வரைந்த ஃபேத்தன் கோட்டோவியத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்ததோடு சரி. மேலே குதிரைகள் தலைகீழாகச் சரிய, கீழே சகோதரிகள்.

ஜூன் 12
மரமான பின்னும் கண்ணீர் நிற்கவில்லை. வெயிலில் இறுகி, நகை செய்ய உதவும் ஆம்பர் என்னும் இறுகிய பிசினாகிறது. ஆறு அதை ஏந்திச் சென்று ரோமானியப் பெண்களுக்கு நகையாகக் கொடுக்கிறது. ரோமானிய அறிஞர் பிளினி இதைக் கேட்டுச் சிரிக்கிறார்: ஆம்பர் வடகடல் பக்கத்துச் சரக்கு, பைன் இன மரத்தின் பிசின். சரிதான், பாப்லரிலிருந்து ஆம்பர் கிடைப்பதில்லை. பால்டிக் கரையிலிருந்து அது ஏட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டிலுள்ள அக்விலேயா நகருக்கு வந்துசேர்ந்தது. எரிடானஸ் என்று பிற்காலத்தார் அடையாளம் காட்டிய, வட இத்தாலியின் போ நதி கடலில் கலப்பதும் அந்தப் பக்கம்தான். கதை அங்கே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

கவிஞர்களைக் கேலி செய்த அதே பிளினிதான் வேறொன்றையும் எரிச்சலோடு எழுதிவைத்திருக்கிறார்: ஆம்பரில் செதுக்கிய மனித உருவம் எவ்வளவு சிறியதானாலும், உயிரோடு திடமாக நிற்கும் மனிதர்களைவிட அதிக விலைக்குப் போகிறதாம்.